சிவப்புக் கொடிக்கு அந்தப் பக்கம்

ஜூன் 11

காவல்காரம்மாவுக்கு,

மகளே என்று எழுதக் கை போகவில்லை. அதனால் உத்தியோகப் பெயரையே போட்டிருக்கிறேன்.

உன் அத்தை வீட்டு மாடி அறையிலிருந்து எழுதுகிறேன். கீழ்த்தாடை இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது என்று படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி முறுக்கிவிட்டார் டாக்டர். ஆறு வாரத்துக்கு வாயைத் திறக்க முடியாது. என் தங்கை எல்லாவற்றையும் மிக்ஸியில் அரைத்துக் கரைத்துக் குழல் போட்டுத் தருகிறாள். எது காலைச் சாப்பாடு, எது ராத்திரிச் சாப்பாடு என்று நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன். சின்ன வயதிலிருந்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். எதிர்த்துப் பேச முடியாத அண்ணன் கையில் கிடைத்ததும் அத்தனை வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டித் தீர்க்கிறாள். ஃபோன் அன்றைக்கே கதவடியில் மிதிபட்டுப் போனது. அதனால்தான் இந்தத் தாளும் பேனாவும்.

என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நல்ல வெயில். காற்றே இல்லை. அலைத்தடுப்புச் சுவரின் முனையில் பாறை மீன் கூட்டம், சாளை மீன்களைச் சுற்றி வளைத்து மேலே தள்ளிக்கொண்டிருந்தது. பறவைகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. கதவுக்கு வெளியே நின்றபடியே தெரிந்தது. வருஷத்தில் ஒரு தடவை வருகிற ஓட்டம். நாங்கள் நாற்பது பேர் கோலும் ரீலுமாக நிற்கிறோம். நீ சிவப்புக் கொடியை ஏற்றி, கதவுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டி, தடியோடு உள்ளே நிற்கிறாய். பலகையில் உன் கையெழுத்தில், 'கடல் சுவர் மேல் ஏறும், யாருக்கும் அனுமதி இல்லை' என்று இருக்கிறது. குளம் மாதிரி கிடக்கிற கடலைக் காட்டி ஏறும் என்றால் யார் நம்புவார்கள்?

சங்கிலியை வெட்டினோம். அது தப்பு என்றால் தப்புதான். தள்ளுமுள்ளு ஆகிவிட்டது. உன் கூட்டாளி மீசை தடியைச் சுழற்றினான், எங்கள் ஆட்களும் கை கட்டிக்கொண்டு நிற்கவில்லை. என் கூட்டாளி கொக்கும் இன்னும் ஆறு பேரும் உள்ளே ஓடிவிட்டார்கள். நானும் கதவைத் தாண்டி இரண்டு எட்டு வைத்திருப்பேன். உன் தடி வந்து முகத்தில் இறங்கியது. விழுந்தவனைக் காலரைப் பிடித்து இழுத்து வெளியே போட்டுக் கதவைச் சாத்தினாய். அப்புறம் அந்த அலை. மூன்று பேரை வாரிக்கொண்டு போனது. இரண்டு பேரைக் கல்லிடுக்கிலிருந்து உருவி எடுத்தார்கள். கொக்கை எடுக்கவில்லை.

அவன் எனக்கு யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் அம்மா இறந்துபோன வருஷம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து வாசலில் நின்று, 'கிளம்புடா' என்று மட்டும் சொல்லி என்னைக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போனவன். கிடைத்தானா இல்லையா என்றுகூட எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். அடிக்கும்போது நான் என்று தெரியுமா? கூட்டத்தில் தெரியாமல் பட்டுவிட்டது என்று உன் அத்தைக்கு எழுதிக் காட்டியிருக்கிறேன்.

தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை.

அப்பா

ஜூன் 15

அப்பா,

கொக்கு மாமா கிடைத்துவிட்டார். மூன்றாம் நாள் துறைமுக வாய்க்கு வடக்கே மணலில் ஒதுங்கியிருந்தார். அடையாளம் காட்ட என்னைத்தான் கூப்பிட்டார்கள். கல்லில் மோதி மோதி முகம் என்று எதுவும் மிச்சமில்லை. கோலை ஊன்றிக்கொள்ள நீங்கள் பட்டறையில் செய்து கொடுத்த இடுப்பு வளையம் இருந்தது. அதை வைத்துச் சொன்னேன்.

அடக்கத்துக்குப் போனேன். யூனிஃபார்ம் போடாமல் கடைசியில் நின்றேன். அவர் தம்பி, அதுதான் நம் கதவுக்கு எதிரே இரைக்கடை வைத்திருக்கிறவர், என்னைப் பார்த்துவிட்டார். "கதவச் சாத்திக் கொன்னுட்டு, அழறதுக்கு வேற வந்தியா?" என்று கேட்டு, முடியைப் பிடித்துத் தெரு வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் விட்டார். யாரும் தடுக்கவில்லை. நானும் கையைத் தூக்கவில்லை. அன்றைக்கு அவருக்கு அந்த உரிமை இருந்தது. அன்றைக்கு மட்டும்.

மீசை அண்ணனின் வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். அவர் தடியைச் சுழற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். எதற்கு அப்புறம் சுழற்றினார் என்று எழுதவில்லை. உங்கள் ஆட்களில் ஒருவர் நூலைக் கொஞ்சம் இறக்கி, நுனியில் கட்டியிருந்த ஈயக் குண்டைக் கதவுக் கம்பிக்கு மேலே கவண் மாதிரி வீசினார். அது நேராகக் கண்ணில் இறங்கியது. கண்ணைப் பொத்திய விரல்களுக்கு நடுவே ரத்தம் வழிய வழியத்தான் அவர் தடியை எடுத்தார். வீசியவர் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சங்கிலியை வெட்டிய இரும்புக் கத்திரி உங்கள் பெட்டியில் இருப்பது. பச்சைப் பெயின்ட் அடித்த கைப்பிடி. யாருடையது என்று தெரியவில்லை என எழுத எனக்கு வரவில்லை. போலீஸ் அங்கே வரும். அத்தையிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள், பயந்துவிடுவார்.

நேராகக் கேட்டீர்கள். தெரியும். நீங்கள் என்று தெரிந்துதான் அடித்தேன். முதலில் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன், கையைத் தட்டிவிட்டு வந்தீர்கள். அன்றைக்குக் காற்று இல்லாததுதான் ஆபத்து. எங்கேயோ தொலைவில் அடித்த புயலிலிருந்து புறப்பட்ட அலை அது. சின்னச் சின்னதாக வந்து கடல் தூங்குவது போலக் கிடக்கும், பிறகு இரண்டு மூன்று ஒன்றாக எழுந்து வரும். அதில் முதலாவது முனையைத் தாண்டுவதை நான் பார்த்தேன். நீங்கள் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தோளில் அடித்தால் நீங்கள் நிற்கிற ஆள் இல்லை. அதனால் தாடையில் அடித்தேன். அத்தையிடம் வேறு மாதிரி சொல்ல வேண்டாம்.

நீங்கள் கேட்காவிட்டாலும் எழுதுகிறேன். அலை இறங்கிவிட்டது, முழங்கால் உயரம்கூட இல்லை. தண்ணீர் இன்னும் கலங்கல். தெற்கிலிருந்து லேசான காற்று. விடிந்ததும் துறைமுக வாயில் சீலா மீன் குதிக்கிறது. மஞ்சள் கொடி போட்டிருக்கிறேன். கோலோடு ஒருவரும் வரவில்லை.

உங்கள் மகள்

ஜூன் 20

உன் கடிதம் வருவதற்கு முன்னால் போலீஸ் வந்துவிட்டது. தெருவே வெளியே நின்று வேடிக்கை பார்த்தது. வாயில் கம்பி கட்டியவனிடம் என்னத்தை விசாரிப்பது என்று அவர்களுக்கே ஒரு குழப்பம். ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். கத்திரி என்னுடையதுதான் என்று எழுதிக் கொடுத்தேன். மகள் பொய் சொல்லவில்லை என்று நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது. பெற்ற அப்பன் பெயரைத் தூக்கிப் போலீஸில் கொடுக்க உனக்கு எப்படி மனசு வந்தது? ஒரே ஒரு வரி. 'கூட்டத்தில் யாரோ' என்று எழுதியிருந்தால் உன் வேலையா போய்விடும்?

தெரிந்தேதான் அடித்தேன் என்கிறாய். நல்லது. உன் அத்தை அந்த வரியைப் படித்துவிட்டு, "உன்ன மாதிரியே பெத்து வெச்சிருக்க" என்றாள். இங்கே எனக்குக் கிடைக்கிற ஆறுதல் இந்த லட்சணத்தில் இருக்கிறது.

கொக்கின் தம்பி வந்திருந்தான். கூட இரண்டு பேர். ராத்திரியெல்லாம் தூங்காத முகம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். அண்ணன் திரும்பி ஓடி வந்து கதவைத் தட்டித் தட்டிக் கத்தியிருக்கிறார், வெளியே விடவில்லை, அந்த இடத்திலேயே அலை இழுத்துவிட்டது என்று சொல்லிச் சொல்லி அழுதான். "நீங்க அங்கதானே கெடந்தீங்க அண்ணே. கதவு சாத்தித்தானே இருந்துச்சு?" என்று கேட்டான்.

தலையாட்டினேன். கதவு சாத்தித்தான் இருந்தது. அவன் கேட்டது அவ்வளவுதான், நான் சொன்னதும் அவ்வளவுதான்.

இனி உன்னிடம் எழுத என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. சீலா எந்த நேரத்துக்குக் குதிக்கிறது? விடிந்ததுமா, வெயில் ஏறிய பிறகா? இரண்டுக்கும் இரை வேறு.

அப்பா

ஜூன் 25

அப்பா,

நீங்கள் தலையாட்டிய மறுநாளே அது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. 'பெத்த அப்பனே சொல்றான், கதவப் பூட்டிக் கொன்னது அவதான்' என்று கொக்கு மாமாவின் தம்பி இரைக்கடை வாசலில் வைத்து வருகிற போகிற எல்லோருக்கும் சொல்கிறார். என் குவார்ட்டர்ஸ் சுவரில் கரி எண்ணெயால் 'கொலைகாரி' என்று எழுதிவிட்டார்கள். அன்றிரவு ஜன்னல் வழியாகக் கல் வந்தது. ஒன்று பாத்திர அலமாரியில் விழுந்தது. இன்னொன்று தலையணைக்குப் பக்கத்தில். நான் அப்போது தண்ணீர் குடிக்க எழுந்திருந்தேன். காலையில் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளிவிட்டு டூட்டிக்குப் போனேன். அதிகாரி கூப்பிட்டு, கொஞ்ச நாள் விடுப்பில் இருக்கிறாயா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். விசாரணை வைக்கப் போகிறார்கள்.

ஒன்றை நினைத்துப் பாருங்கள். சங்கிலியைத்தான் நீங்கள் வெட்டிவிட்டீர்களே, அந்தக் கதவைப் பூட்ட என்ன இருந்தது? என் முதுகு ஒன்றுதான். வெளியே இருந்தவர்கள் உள்ளே பாயாமல் முதுகைக் கொடுத்து நின்றேன். உள்ளே இருந்து ஓடி வந்த நான்கு பேருக்கும் விலகிக் கதவைத் திறந்துவிட்டேன். அந்த நான்கு பேரும் இப்போது தங்களுக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்கிறார்கள். அவர்கள் அந்தக் கடையில்தான் இரை வாங்க வேண்டும்.

நீங்கள் கதவடியில் கிடந்தீர்கள். முகம் கம்பிப் பக்கம் இருந்தது. கண் திறந்திருந்தது, எனக்குத் தெரியும், கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என்ன பார்த்தீர்கள்? கொக்கு மாமா கதவுக்கு வந்தாரா?

வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் சீலா. இப்போது அது நின்றுவிட்டது. தண்ணீர் தெளிந்துவிட்டது, சுவரின் அடிக்கல் வரைக்கும் தெரிகிறது. தரைக்காற்று. உள் பக்கத்தில் கொடுவா நிற்கிறது, உயிர் இறாலுக்கு உடனே வாய் வைக்கிறது. பச்சைக் கொடி. இந்த வருஷத்தில் இப்படி ஒரு வாரம் இருந்ததில்லை. அதனால் உங்கள் ஆட்கள் திரும்ப வந்துவிட்டார்கள். நான் கதவைத் திறந்துவிடுகிறேன், முகத்தைப் பார்க்காமல் என்னைத் தாண்டிப் போகிறார்கள். நேற்று ஒருவர் போகிறபோது என் பூட்ஸ் மேல் துப்பினார். அவர் குழந்தைக்கு முனையிலிருந்து தவறி விழுந்து தலை உடைந்தபோது தூக்கிக்கொண்டு ஓடியது நான்.

பதில் எழுதுங்கள்.

உங்கள் மகள்

ஜூன் 30

பாப்பா,

நீ கேட்காமல் இருந்திருக்கலாம்.

கம்பிக்கு நடுவே எல்லாம் தெரிந்தது. நீ கதவைத் திறந்ததும், அந்த நான்கு பேர் உன்னை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்ததும் பார்த்தேன். அலையில் அடிபட்டு விழுந்த இரண்டு பேர் கல்லைப் பிடித்துத் தொங்கியதையும் பார்த்தேன். கொக்கு முனையில் நின்றான். கோல் பாதி வட்டத்துக்கு வளைந்திருந்தது. மீன் மாட்டியிருந்தது, பாப்பா. ரீல் கத்துவது எனக்கு அங்கே வரைக்கும் கேட்டது. முதல் அலை இடுப்பு வரைக்கும் அடித்தது, நின்றான். ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். கதவு திறந்திருந்தது அவனுக்குத் தெரிந்திருக்கும். கோலை அங்கே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தால் வந்திருக்கலாம். மறுபடி கடல் பக்கம் திரும்பி ரீலைச் சுற்ற ஆரம்பித்தான். இரண்டாவது அலையில் அவனைக் காணவில்லை.

இதை அவன் தம்பியிடம் எப்படிச் சொல்வது? அண்ணன் வீட்டுக்கு வரத்தான் பார்த்தார், வழி அடைத்துவிட்டார்கள் என்று அவன் நம்பிக்கொண்டிருக்கிறான். இல்லையடா, உன்னையும் பெண்டாட்டி பிள்ளையையும்விட ஒரு மீன் பெரிதாகப் போய்விட்டது அவனுக்கு என்று நான் போய்ச் சொல்ல வேண்டுமா? செத்தவனுக்கு இருக்கிற ஒரே மரியாதையையும் பிடுங்கச் சொல்கிறாயா? நான் நின்றிருந்தால் நானும் கோலைப் போட்டிருக்க மாட்டேன். அது உனக்குத் தெரியும். அதனால்தான் அடித்தாய்.

பாதி இது. மீதிப் பாதி, உன் மேல் இருந்த ஆத்திரம். தலையை ஆட்டும்போது அது இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நீ ஒன்று செய். தெற்கே எத்தனை துறைமுகம் இருக்கிறது, மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடு. நான்கு மாசத்தில் எல்லாம் ஆறிவிடும். விசாரணையில் நீ சொல்வதை நீ சொல். என்னை இதில் இழுக்காதே.

கொடுவா வந்துவிட்டதா? உயிர் இறாலை வாலில் குத்தச் சொல், தலையில் குத்தினால் செத்துப்போகும்.

அப்பா

ஜூலை 5

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து இப்படித்தான் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலையில் கொடி ஏற்றிக்கொண்டிருந்தேன். இரைக்கடைக்காரர் பின்னால் வந்தார். கையில் கொக்கித் தடி, பெரிய மீனை வாரித் தூக்குவதற்கு நீங்கள் எல்லோரும் வைத்திருப்பீர்களே, அது. வலது முழங்கைக்குக் கீழே குத்தி இழுத்தார். கொக்கி எலும்புக்கு அந்தப் பக்கம் போய் வெளியே வந்தது. மீனை இழுப்பது போலவே சுவர் மேல் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். "எங்கண்ணன் போன எடத்துக்கே போ" என்று சொல்லிக்கொண்டே இழுத்தார். விளிம்புக்கு இரண்டு அடி இருந்தது. கொடிக்கம்பு என் இடது கையில் இருந்தது. கீழே கிடந்தபடியே அவர் முழங்காலில் அடித்தேன். உடைகிற சத்தம் கேட்டது. விழுந்த பிறகும் ஒரு அடி அடித்தேன். அது தேவையில்லைதான். அடித்தேன்.

பச்சைக் கொடி நாள். சுவர் மேல் பத்துப் பதினைந்து பேர் கோல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கொக்கியோடுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நரம்பு அறுந்திருக்கிறது. மூன்று விரல் அசையவில்லை. இனி அசையுமா என்று கேட்டால் டாக்டர் ஜன்னலைப் பார்க்கிறார். என்னைக் குத்தியவருக்கு மாவுக்கட்டுப் போட்டு, மறுநாளே ஜாமீனில் விட்டுவிட்டார்கள்.

உங்கள் கடிதத்தை அலுவலகத்திலிருந்து இங்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். நீங்கள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறீர்கள். மாற்றல் வாங்கிக்கொள்ளச் சொல்கிறீர்கள். இறாலை வாலில் குத்தச் சொல்கிறீர்கள்.

இனி எழுத வேண்டாம்.

ஜூலை 10
ஆண்கள் வார்டு, கீழ்த்தளம்

பாப்பா,

எழுத வேண்டாம் என்றாய். நான் உனக்கு நேர் கீழே, ஒரே ஒரு மாடி தள்ளிக் கிடக்கிறேன். வார்டு ஆயா ஒரு மாதிரி நல்லவள், கொண்டுவந்து தருகிறேன் என்றாள். கிழிப்பதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

உன் இடது கை எழுத்தை உன் அத்தைதான் எனக்குப் படித்துக் காட்டினாள். பாதியில் தாளை என் கையில் கொடுத்துவிட்டாள். மீதியை நான் படித்தேன். படித்துவிட்டு அவள் வீட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கட்டிங் பிளையர் என் பையில் எப்போதும் இருக்கும். ஆயுசு முழுக்க பஸ் பட்டறையில் கம்பி வெட்டியவன், இது பெரிய வேலையா என்று நினைத்தேன். கண்ணாடியைப் பார்த்து ஒவ்வொன்றாக வெட்டினேன். கடைசிக் கம்பி ஈறுக்குள் புதைந்திருந்தது, அதை இழுக்கும்போது ஒரு பல்லும் கூடவே வந்துவிட்டது. வாஷ்பேசின் முழுக்க ரத்தம். அத்தை கதவை உடைக்காத குறை. வெளியே வந்து அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்பதுதான். பாதிதான் அவளுக்குப் புரிந்தது.

நேராக இரைக்கடைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, நம் ஆட்கள் எல்லோரும் இரை வாங்க நின்றிருந்தார்கள். அவன் கட்டுப் போட்ட காலை ஐஸ்பெட்டி மேல் நீட்டி உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் ஊன்றுகோல். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். பெரியவர் வந்திருக்கிறார் என்று இடம் விட்டார்கள்.

வாயைத் திறந்தால் தாடை ஒரு பக்கமாகத் தொங்குகிறது. மெதுவாகத்தான் பேச முடிந்தது. ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "கதவு தெறந்துதான் இருந்துச்சு. எம்மவ தெறந்துவிட்டா. நாலு பேரு வெளிய வந்தாங்க, அதுல ரெண்டு பேரு இங்கயே நிக்கிறாங்க. ஒங்கண்ணன் கதவுக்கு வரவே இல்லடா. முனையில நின்னான். மீன் மாட்டியிருந்துச்சு."

"பொய்," என்றான்.

"நான் தலையாட்டினேனே, அதுதாண்டா பொய்."

ஊன்றுகோலைத் திருப்பிப் பிடித்து அடித்தான். எந்தத் தாடையில் நீ அடித்தாயோ அதே தாடையில். நான் கையைத் தூக்கவில்லை. இரண்டாவது அடியில் விழுந்தேன். மூன்றாவது தோளில். இறால் தொட்டி கவிழ்ந்து என் மேலெல்லாம் தண்ணீர். நாற்பது பேர் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், இவர்களுக்கு அது பழக்கமாகிவிட்டது போல. கடைசியில் நீ திறந்துவிட்ட நான்கு பேரில் ஒருவன்தான் போய் ஊன்றுகோலைப் பிடித்தான். "அவரு சொல்றது உண்மைதான்யா, விடு" என்றான்.

ஒற்றைக் காலில் நின்றவன் அப்படியே என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு, "திரும்பிப் பாத்தானா?" என்று கேட்டான்.

"ஒரு தடவ."

"கோல விடலயா?"

"விடல."

அவன் அழவில்லை. ஈர மணலைக் கையால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். எனக்கு அப்புறம் நினைவு இல்லை.

விசாரணை அதிகாரி இங்கே கட்டிலுக்கே வந்தார். பார்த்ததை எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவன் என்னை அடித்ததற்கு நான் புகார் கொடுக்கவில்லை, அது எனக்கும் அவனுக்கும் சரியாகப் போயிற்று. உன்னைக் குத்தியதற்கு நீ கொடுத்த புகாரைத் திரும்ப வாங்கிவிடாதே. யாராவது வந்து உன்னிடம் கெஞ்சினாலும் வாங்காதே. நான் வந்து கெஞ்சினாலும்.

மறுபடி கம்பி கட்டிவிட்டார்கள். இந்தத் தடவை இன்னும் இறுக்கி.

அப்பா

ஜூலை 11
மேல்தளம்

அப்பா,

வாயில் இருந்த கம்பியைத் தானே வெட்டிக்கொண்டு ஒரு ஆள் வந்து கிடக்கிறார் என்று நேற்று முன்தினமே நர்ஸ் சொல்லிச் சிரித்தார். பெயர் கேட்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

இறங்கி வந்து பார்க்கலாம் என்று படிக்கட்டு வரைக்கும் வந்தேன். திரும்பிவிட்டேன். நீங்கள் சொல்லிவிட்டீர்கள், சரி. ஆனால் தலையாட்டியதற்கும் சொன்னதற்கும் நடுவில் என் கை போய்விட்டது. அதை நினைத்தால் உங்கள் முகத்தைப் பார்க்க இப்போது முடியவில்லை. முடிகிறபோது வருகிறேன்.

புகாரைத் திரும்ப வாங்க மாட்டேன்.

பாலை ஆயாவிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கேன்டீனில் குழல் தீர்ந்துவிட்டதாம், இது என்னுடையது.

மகள்

ஆகஸ்ட் 16

அப்பா,

அத்தை வீட்டுக்கு நீங்கள் திரும்பிப் போன பிறகு எழுதவே இல்லை என்று அத்தை ஃபோனில் சண்டை போட்டார். நேரம் இல்லை என்பது பொய். என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

வேலைக்குத் திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. விசாரணையில் என் மேல் தவறில்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். வீட்டுச் சுவரில் இருந்த எழுத்தின் மேல் சுண்ணாம்பு அடித்தேன், மழை பெய்தால் கொஞ்சம் தெரிகிறது. மூன்று விரலும் அப்படியேதான் இருக்கின்றன. பலகையில் இடது கையால் எழுதப் பழகிவிட்டேன். மீசை அண்ணன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு டூட்டிக்கு வருகிறார். இரண்டு பேருக்கும் சேர்த்து முழுதாக ஒரு காவலர் தேறும் என்று அவரே சொல்லிக்கொள்கிறார்.

முந்தாநாள் மறுபடி அந்த மாதிரி ஒரு கடல். வெயில், காற்றே இல்லை, முனையில் பறவைகள். சிவப்புக் கொடி ஏற்றினேன். முப்பது பேருக்கு மேல் கதவுக்கு வந்துவிட்டார்கள். தள்ளவும் செய்தார்கள். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கல் ஒன்று வந்து என் நெற்றியில் பட்டது. மூன்று தையல். எறிந்தது யார் என்று தெரியும், எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்போது எதிரே ஷட்டர் இறங்குகிற சத்தம். இரைக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு, பூட்டிய கடைக்கு முன்னால் ஊன்றுகோலோடு உட்கார்ந்துவிட்டார். இரை இல்லாமல் உள்ளே போய் என்ன செய்வார்கள். கொஞ்ச நேரம் கத்திவிட்டுக் கலைந்துபோனார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அவர் வழக்கு அடுத்த மாதம் வருகிறது. நான் போய்ச் சொல்லத்தான் போகிறேன்.

அந்த மூன்று அலையும் மத்தியானம் வந்தன. கதவு வரைக்கும் தண்ணீர் ஏறி வந்து என் முழங்காலை நனைத்துவிட்டுப் போனது. சுவர் மேல் ஒருவரும் இல்லை.

உங்கள் வழக்கு இருபத்தெட்டாம் தேதி. சங்கிலியை வெட்டியதற்கும் வேலியை மீறியதற்கும். முதல் சாட்சி நான். கத்திரி யாருடையது, யார் வெட்டினார்கள், நான் எங்கே அடித்தேன் எல்லாவற்றையும் கேட்பார்கள். ஒன்றையும் விடாமல் சொல்வேன். அபராதமா, உள்ளே போடுவார்களா என்று எனக்குத் தெரியாது. வக்கீலைக் கேட்டேன், அவரும் ஜன்னலைப் பார்க்கிற ஆளாக இருக்கிறார்.

முந்தின நாளே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுங்கள். உங்கள் அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன். காலையில் சேர்ந்தே போகலாம், கோர்ட்டுக்கு இங்கிருந்து ஒரே பஸ்தான். சாட்சிக்கு யூனிஃபார்மில் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒற்றைக் கையால் மற்றதெல்லாம் சமாளித்துவிடுகிறேன். பூட்ஸ் கயிறு மட்டும் கட்ட வரவில்லை. நீங்கள்தான் கட்டிவிட வேண்டும்.

பாப்பா